வேண்டுதல் இல்லாமல் பழனிக்கு

1

இது அரைப் பக்க அறிவிப்பாக முடிந்திருக்க வேண்டியது. கதையாகிவிட்டதற்கு யார் காரணம் என்று சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

திருப்பூரில் நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் குழு ஒன்றைச் சுரேந்தர் நடத்துகிறார். பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட் வைத்திருப்பவர். என் குடும்ப நாவல்களை அவர் மனைவி படிப்பார், அவர் படித்ததில்லை. மார்கழிக் கடைசியில் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார்.

"தையில ஒரு இருநூறு கிலோமீட்டர் ஓட்டம் வெச்சிருக்கமுங்க்கா. காலையில ஆறு மணிக்குக் கெளம்பிப் பொங்கலூர், தாராபுரம் வழியா பழனி. அங்கிருந்து மடத்துக்குளம், உடுமலை வழியா திரும்பி வந்தர்றது. பதிமூன்றரை மணி நேரம் டைம். ஜெயிக்கறது தோக்கறதெல்லாம் இல்லீங்க, டைமுக்குள்ள வந்தாப் போதும். புதுசா வர்றவங்களுக்கு ஒரு அரைப் பக்கம் எழுதிக் குடுங்க. 'வாங்க, உங்களாலயும் முடியும்'னு."

"நான் சைக்கிள்ல பல்லடம்கூடப் போனதில்லையே சுரேந்தர்."

"உங்க நாவல்ல டாக்டர் வர்றாரு, கலெக்டர் வர்றாரு. நீங்க என்ன டாக்டருக்கா படிச்சீங்க?"

அவர் போனபின் உட்கார்ந்தேன். 'உங்களாலும் முடியும்' என்று எழுதினேன். எழுதிய கையோடு ஒரு முகம் குறுக்கே வந்து நின்றது.

அதற்கு முந்தைய வாரம் தாராபுரத்தில் உறவினருக்குப் பிறந்த குழந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பொங்கலூருக்குப் பக்கத்தில் இளநீர் குடிக்கக் காரை நிறுத்தினோம். வேப்ப மரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒரு பெண் நின்றிருந்தாள். தலையில் ஹெல்மெட். நெற்றியில் வியர்வை காய்ந்து உப்பாகப் படிந்திருந்தது. சாலையில் பச்சை வேட்டியும் பச்சைச் சேலையுமாகப் பழனிப் பாதயாத்திரைக் கூட்டம் ஒன்று போய்க்கொண்டிருந்தது.

"பழனிக்குங்களா?" என்றார் இளநீர்க்காரர்.

"ஆமாங்க."

"என்ன வேண்டுதலுங்க?"

"வேண்டுதல் எதுவும் இல்லீங்க."

"சும்மா யாருங்க இத்தன தூரம் போவாங்க?" அவர் சிரித்தார். "செரி, சொல்லவேண்டாம் விடுங்க. வெளிய சொன்னாப் பலிக்காது."

அவள் காசு நீட்டினாள். வேண்டுதல்காரர்களிடம் வாங்குவதில்லை என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். வேறொருவருக்கு வந்த மரியாதையைத் தவறுதலாக வாங்கிக்கொண்டவளைப் போல அவள் சற்று நேரம் நின்றாள். பிறகு ஏறி மிதித்துப் போனாள்.

அவள் பெயர் எனக்குத் தெரியாது. ஜெயபாரதி என்று நான் வைத்தேன். இனி வருவதெல்லாம் என் கற்பனை.

2

'கிழக்கு வெளுத்தபோது ஜெயபாரதி —'

வேண்டாம். என் நாவல்களில் கிழக்கு ஏகப்பட்ட தடவை வெளுத்துவிட்டது.

'கல்யாணமாகிப் பத்து வருடமாகியும் குழந்தையில்லாத ஜெயபாரதி —'

இதையும் அடித்துவிட்டேன். கல்யாணப் பந்தியிலும் அலுவலகக் கேன்டீனிலும் எல்லாரும் அவளை இந்த வாக்கியத்தோடுதான் அறிமுகப்படுத்துகிறார்கள். நானும் அதையே செய்ய வேண்டுமா?

(அடித்த வாக்கியத்தை உங்கள் கண்ணில் படும்படியே விட்டிருக்கிறேன். அது தெரியாமல் இந்தக் கதை உங்களுக்குப் புரியாது.)

'ஜெயபாரதிக்குச் சாலை பிடித்திருந்தது.'

இது நிற்கட்டும்.

முப்பத்தாறு வயது. ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர். அதாவது துணி வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் இங்கே தைத்துக் கொடுக்கிறவர்களுக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. கணவன் குமாரவேல், அனுப்பர்பாளையத்தில் சில மெஷின்கள் போட்டு, கூலிக்கு ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கிறவன். கல்யாணத்துக்கு முன் ஒருமுறை, கழுத்துப் பட்டை சரியில்லை என்று அவள் திருப்பியனுப்பிய சாம்பிளை அவனே பிரித்து, அவனே தைத்து, மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். என் வழக்கமான நாவல் அங்கே தொடங்கிக் கல்யாண மண்டபத்தில் முடிந்துவிடும். இந்தக் கதைக்கு மண்டபத்தில் வேலை இல்லை. விளக்கெல்லாம் அணைத்து, வாடகைச் சேரை அடுக்கிக் கொண்டுபோய் வெகுகாலம் ஆகிவிட்டது.

3

கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனை. அங்கே யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஊசி, ஸ்கேன், காத்திருப்பு, 'இந்தத் தடவை இல்லைம்மா' என்ற பதில். மறுபடி ஊசி. இப்படியே வருடங்கள் போயின. போன ஆடியில் ஒரு நாள், கார் நிறுத்துமிடத்தில், சாவியைத் திருகாமலே உட்கார்ந்திருந்தான் குமாரவேல்.

"போதும் பாரதி."

"எனக்கும் போதுங்க."

"வருத்தமா இருக்கா?"

"தெரியலீங்க. பசிக்குது."

வரும் வழியில் சோமனூர் பக்கம் நிறுத்திப் பரோட்டா சாப்பிட்டார்கள். வெகு நாளைக்குப் பிறகு இருவரும் வயிறாரச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். வீட்டில் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டார்கள். மறுநாளும் அப்படியே விட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அவள் சைக்கிள் வாங்கினாள். முதலில் பத்துக் கிலோமீட்டர். அப்புறம் பல்லடம் போய் டீ குடித்துவிட்டுத் திரும்புவது. சுரேந்தரின் குழுவோடு சேர்ந்தபின் நாற்பது, அறுபது, நூறு. (புதியவர்களே, இதில் வித்தை எதுவும் இல்லை என்று சுரேந்தர் என்னிடம் சத்தியம் செய்கிறார். பசிக்கும் முன்னால் சாப்பிட வேண்டும். தாகமெடுக்கும் முன்னால் குடிக்க வேண்டும். பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிகிற வேகத்துக்கு மேல் போகக் கூடாது. மூச்சு வாங்கினால் இறங்கி நிற்கலாம். அதற்காக யாரும் சிரிக்கமாட்டார்கள்.)

தை ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்த அன்று குமாரவேலிடம் சொன்னாள்.

"இத்தன வருசம் இந்த உடம்பு டாக்டர் சொன்ன தேதிக்கு எந்திரிச்சு, டாக்டர் சொன்ன தேதிக்குப் படுத்துச்சுங்க. எதையும் முடிக்கல. ஒரே ஒருக்கா, ஆரம்பிச்சத அதுவா முடிக்கோணும். யாருக்காகவும் இல்லாம."

அவன் அவளுக்குச் சைக்கிள் டவுசர் ஒன்று தைத்துக் கொடுத்தான்.*

* முதல் டவுசரைப் பருத்தியில் தைத்தான். நம் ஊர்க்காரனுக்குப் பருத்தியை விட்டுக்கொடுக்க மனம் வராது. அது வியர்வையைக் குடித்துக் கனத்து, தொடையை அறுத்து ரணமாக்கிவிட்டது. இரண்டாவதை வியர்வை தங்காத பாலியெஸ்டரில் தைத்தான். தையல் உறுத்தாமல் இருக்க மடிப்பையெல்லாம் வெளிப்பக்கம் விட்டான். பார்ப்பவர்களுக்கு உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருப்பதுபோல் தெரியும். "பையரா வந்து பாக்கப் போறான்?" என்றான். நீங்களும் பருத்தியை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். ஊர்ப் பாசம் இருநூறு கிலோமீட்டர் தாங்காது.

4

குமாரவேலின் தாய் குப்பாயியை எழுதுவதில்தான் எனக்குத் தகராறு.

முதல் வரைவில் அவளைக் கொடுமைக்கார மாமியாராக எழுதினேன். வேகமாக ஓடியது பேனா. படித்துப் பார்த்தால் எல்லாம் நான் ஏற்கெனவே எழுதியது. கிழித்துவிட்டு, அவள் நிஜமாக என்ன செய்திருப்பாள் என்று யோசித்தேன்.

ஒரு விடிகாலை. குப்பாயி வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறாள். மருமகள் ஹெல்மெட்டும் டவுசருமாக அவளைக் கடந்து போகிறாள். அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, மகனைப் பிடித்துக்கொண்டாள்.

"என்றா குமாரு, உம்பட பொண்டாட்டி அரை டவுசரப் போட்டுட்டு எங்கடா போறா தெனமும்? அக்கம்பக்கம் கேக்குது."

குமாரவேல் அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் சைக்கிளைப் பற்றிச் சொன்னால் கார் நிறுத்துமிடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது தொண்டைக்கு வரவில்லை. வாய்க்கு எது வந்ததோ அதைச் சொன்னான்.

"பழனிக்கும்மா. சைக்கிள்லயே வர்றதா வேண்டிருக்கா. அதுக்குப் பழகறா."

(இந்தப் பொய் வேறு ஊரில் இவ்வளவு சுலபமாகப் பலிக்காது. தை பிறந்தால் எங்கள் சாலைகளில் பாதிப்பேர் பழனிக்கு நடக்கிறவர்கள். கடன் தீர, வழக்கு முடிய, பிள்ளை பிறக்க. தூரம் என்று ஒன்று இங்கே யாராவது போனால் கடைசியில் ஒரு முருகன் இருந்தாக வேண்டும். நெசவுக் குடும்பத்தில் பிறந்து, முருகனைத் தவிர வேறு சாமியிடம் வாய்விட்டுப் பேசாத குப்பாயி, மகன் சொன்னதை ஒரு நொடிகூடச் சந்தேகிக்கவில்லை.)

வாளியைக் கீழே வைத்தாள். "இத ஏன்டா மொதல்லயே சொல்லுல?" குரல் இறங்கிவிட்டது. "ஆருகிட்டயும் சொல்லாத. நான் கேட்டன்னு அவகிட்டயும் சொல்லாத. வேண்டுதல வெளிய பேசக்கூடாது."

மறுநாளிலிருந்து ஜெயபாரதி எழுந்து வரும்போது சமையலறை மேடையில் ஊறவைத்த கொண்டைக்கடலை ஒரு கிண்ணம் இருந்தது. தண்ணீர் பாட்டில் கழுவி நிரப்பியிருந்தது. "பாத்துப் போயிட்டு வா கண்ணு" என்ற குரல் வாசல்வரை வந்தது. ஜெயபாரதி நெகிழ்ந்துபோனாள். அத்தை தன்னைப் புரிந்துகொண்டார் என்று நினைத்தாள். "எங்க அத்தை மாதிரி வராதுங்க" என்று அலுவலகத்தில் சொல்லிக்கொண்டாள்.

அந்தக் கிண்ணம் எதற்கு என்று குமாரவேலுக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் எனக்கும் தெரியும். சாப்பிடுகிறவளுக்குத் தெரியாது. இந்த இடத்தை எழுதிவிட்டு எழுந்துபோய்ச் சற்று நேரம் மாடியில் நின்றேன்.

5

தை மாத ஞாயிறு. காலை ஆறு மணி. இருபது பேருக்குமேல் இருந்தார்கள். ஜெயபாரதிக்குத் துணையாகச் சுரேந்தர் ஜெயபாண்டியைச் சேர்த்துவிட்டார். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே துணி வெட்டும் கட்டிங் மாஸ்டராக இருப்பவன். பலமுறை இந்தத் தூரம் போனவன். இரண்டுமுறை பாதியில் விட்டு லாரியில் ஏறி வந்தவன் என்பதையும் அவனே சொல்லிவிடுவான்.

"யக்கா, முன்னால போறவனப் பாத்து வெரட்டாதீங்க. அவன் தாராபுரத்துல புளிய மரத்தடியில படுத்துக் கெடப்பான், நாம டாட்டா காட்டிட்டுப் போவோம், பாத்துக்கிடுங்க."

"நீங்க எப்பவாவது படுத்திருக்கீங்களா?"

"அந்த மரத்துக்கு எம்பேர வைக்கலாம்னு பேசிக்கிடுதாங்க."

பல்லடம் வரை லாரிகள். அதன்பின் சாலை அகலமாகி, காற்றில் சோளத்தட்டு வாசம். பொங்கலூர் தாண்டியதும் பாதயாத்திரைக் கூட்டங்கள். காவடியோடு வந்த ஒரு கூட்டம் அவளைப் பார்த்ததும் ஓரம் ஒதுங்கி வழிவிட்டது. "அரோகரா!" என்றது ஒரு குரல். மொத்தக் கூட்டமும் அவளைப் பார்த்து "அரோகரா!" என்றது. செருப்பில்லாத கால்கள், பாதத்தில் துணி சுற்றியவர்கள். ஒரு பெண் ஓடிவந்து அவள் சைக்கிள் கைப்பிடியில் சிறிது விபூதி தடவினாள்.

"நான் அதுக்கு இல்லீங்க..." என்று தொடங்கினாள் ஜெயபாரதி. அந்தப் பெண் அதற்குள் பின்னால் போய்விட்டாள்.

"இருக்கட்டும்க்கா," என்றான் ஜெயபாண்டி. "அவுகளுக்கும் கால் வலிக்கத்தான செய்யும்."

தாராபுரத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் அவளுக்கு மோசமாகப் போனது. 'வலியைத் தாண்டியதும் உடலே சிறகாகி —' என்று எழுதத் தொடங்கி நிறுத்திவிட்டேன். சுரேந்தர் சொன்னது வேறு: எல்லாருக்கும் ஓர் இடத்தில் எதற்கு வந்தோம் என்று தோன்றுமாம். பெரிய காரணம் எதுவும் அப்போது உதவாதாம். அடுத்த மைல்கல், அதற்கடுத்த மைல்கல், பாக்கெட்டில் இருக்கும் கடலை மிட்டாய்; இவைதான் உதவுமாம். ஜெயபாரதி கடலை மிட்டாயைச் சாப்பிட்டாள். தொடை நடுங்கியது. உடம்பு அவளைக் கேட்காமலே மிதித்துக்கொண்டிருந்தது. எத்தனையோ வருடம் அதன்மேல் கோபமாக இருந்திருக்கிறாள். இப்போது குனிந்து முழங்காலைப் பார்த்தாள். அது ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

தொலைவில் மலை தெரிந்தது.

6

ஓட்டம் திரும்புகிற இடம் பழனி அடிவாரத்தை ஒட்டிய ஓர் உணவகம். வந்து சேர்ந்ததற்கு அங்கே கையெழுத்து வாங்கிக்கொண்டு புறப்பட வேண்டும். மற்ற இடங்களில் வீட்டார் உதவக் கூடாது. இங்கே மட்டும் பார்த்துப் பேசலாம். நேரத்துக்கு அரை மணி முன்பாகவே வந்துவிட்டாள். ஜெயபாண்டி தயிர்ச்சாதம் வாங்கப் போனான்.

வேப்ப மர நிழலில் குமாரவேலின் கார் நின்றது. தான் மட்டும் வருவதாகத்தான் சொல்லியிருந்தான். காலையில் குப்பாயி பச்சைச் சேலை கட்டி, மஞ்சள் பையோடு வந்து காரில் உட்கார்ந்துவிட்டாள். வழி நெடுக இரண்டு மணி நேரம் அவள் பக்கத்தில் இருந்தும் அவனால் சொல்ல முடியவில்லை.

"வந்துட்டியா சாமி!" குப்பாயி இறங்கி வந்து மருமகளின் கன்னத்தைத் துடைத்தாள். கையில் உப்பு ஒட்டியது. "ஒத்தப் பொம்பள மிதிச்சே வந்துட்டியே. முருகன் இனியும் எறங்காம இருப்பானா?"

பையிலிருந்து ஒரு மரத் தொட்டிலை எடுத்தாள். உள்ளங்கை அகலம். மஞ்சள் துணி விரித்து, நான்கு மூலையிலும் நூல் கட்டியிருந்தது.

"ஆசாரிகிட்டச் சொல்லிச் செஞ்சது. மலைக்கு மேல போயி உன்ற கையால கட்டோணும். வா கண்ணு."

"இது... என்னங்கத்தை?"

"வேண்டுதல வெளிய பேசக்கூடாதுன்னு நானும் இத்தன நாளா வாயத் தொறக்குல. அதான் வந்து சேந்தாச்சே. இனிப் பேசலாம்."

ஜெயபாரதி குமாரவேலைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். மேடையில் இருந்த ஒவ்வொரு கிண்ணமும் எதற்காக வைக்கப்பட்டது என்று அவளுக்கு அப்போது தெரிந்தது.

தை ஞாயிற்றுக்கிழமை. மலைமேல் வரிசை எவ்வளவு நீளம் என்று இங்கிருந்தே தெரிந்தது. ஏறி இறங்கினால் பொழுது சாய்ந்துவிடும். ஓட்டம் பாதியோடு நின்றுவிடும். முடிக்காத கணக்கில் இன்னொன்று சேரும். ஏறாவிட்டால், அத்தையின் கையில் இருக்கும் தொட்டிலுக்கு அவள் என்ன சொல்வது?

7

இந்த இடத்தில் எனக்கு நான்கு நாள் ஓடவில்லை. முடிவுகளை எழுதி எழுதிப் பார்த்தேன்.

ஜெயபாரதி மலையேறுகிறாள். தொட்டிலைக் கட்டுகிறாள். கற்பூர வெளிச்சத்தில் மாமியாரும் மருமகளும் அழுகிறார்கள். அடுத்த தைக்கு — இங்கே பேனாவை மூடிவிட்டேன். அடுத்த தைக்கு என்ன என்று உங்களுக்குத் தெரியும். என் நாவல்களில் கடைசி அத்தியாயத்தில் தொட்டில் ஆடும். இவளுக்கு அதைக் கொடுத்தால், பொங்கலூரில் காசு வாங்க மறுத்தவரைப்போல நானும் அவள் சொன்னதைக் கேட்காதவள் ஆவேன். 'வேண்டுதல் எதுவும் இல்லீங்க' என்றாள். அதை நம்ப ஓர் ஆளாவது வேண்டும்.

சரி, மறுக்கட்டும். தொட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நிமிர்ந்து சைக்கிளில் ஏறிப் போகட்டும். சுரேந்தர் தொலைபேசியில் இதைக் கேட்டு மகிழ்ந்தார்.

"இதுதானுங்க்கா! இதப் படிச்சா பத்துப் பொம்பளைங்க வருவாங்க."

"குப்பாயி?"

"அவங்க எதுக்குங்க? அவங்களா ஓட்டறாங்க?"

போனை வைத்துவிட்டு எழுதிப் பார்த்தேன். ஜெயபாரதி போய்விட்டாள். அடிவாரத்தில் அத்தனை கூட்டத்துக்கு நடுவில், கையில் தொட்டிலோடு, இத்தனை நாளாக நம்பிக்கொண்டிருந்த ஒரு பெண் தனியாக நிற்கிறாள். அவளை அங்கே விட்டுவிட்டு என்னால் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. நம்பியது அவள் குற்றமா?

அப்போதுதான் ஒன்று தெரிந்தது. இருவரில் யார் பக்கம் முடிவு எழுதினாலும், தப்புச் செய்தவன் மரத்தடியில் சும்மா நிற்கிறான். பேச வேண்டியவன் குமாரவேல்தான். இப்படிப்பட்ட நேரத்தில் என் கதாநாயகர்கள் ஒரு பக்கம் பேசுவார்கள். இவனுக்கு அவ்வளவு வராது.

8

"அம்மா," என்றான் குமாரவேல். "வேண்டுதல் இல்லம்மா."

"என்றா?"

"நான் பொய் சொன்னேன். அவளுக்கே தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போறதையும் நிறுத்திட்டோம். ஆடியிலயே."

"ஆரு நிறுத்துனது? டாக்டரா?"

"நாங்கதாம்மா. ரெண்டு பேரும் சேந்துதான்."

குப்பாயி அழவில்லை. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, இருக்கையின் விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தாள். ஒரு காவடிக் கூட்டம் மேளத்தோடு கடந்துபோனது. அது போகும்வரை காத்திருந்தாள்.

"அப்ப நான் இத்தன நாளா ஆருக்குடா கும்பிட்டுட்டு இருந்தன்?"

ஜெயபாரதி தரையில் அவள் காலடியில் உட்கார்ந்தாள். குத்துக்கால் வைக்க முடியாமல் தொடை பிடித்துக்கொண்டது, காலை நீட்டிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதுங்கத்தை, இவரு இப்படிச் சொல்லி வெச்சது. நீங்க கடலை ஊறவெச்சுக் குடுத்ததெல்லாம் எனக்குன்னு நெனச்சுட்டேன்."

"உனக்குத்தான குடுத்தன்?" குப்பாயிக்குக் கோபம் வந்துவிட்டது. "பொறகு ஆரு தின்னா?"

ஜெயபாரதிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. குப்பாயி சேலைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்தாள். வேகமாகத் துடைத்தாள். கொஞ்சம் வலித்திருக்கும்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல? நானும் உங்ககூடச் சேந்து நிறுத்தியிருப்பனே."

குப்பாயி தலைப்பை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"செரி. வேண்டுதலும் இல்லீங்கற. பிள்ளைக்கும் இல்லீங்கற." சாலையைக் காட்டினாள். "பின்ன எதுக்குச் சாமி இத்தன தூரம் மிதிக்கற?"

அந்தச் சாலையில் அன்று முழுவதும் எல்லாரும் அவளுக்குப் பதிலைச் சொல்லிவிட்டுப் போனார்கள். பதிலுக்காகக் காத்திருந்து கேட்டது குப்பாயி ஒருத்திதான்.

"சும்மாதானுங்க —" என்று தொடங்கி நிறுத்தினாள் ஜெயபாரதி. அதுவும் பொய். யோசித்தாள். குமாரவேலிடம் அன்று சொன்னதைச் சொல்லலாம். ஆனால் அது ஓட்டத் தொடங்குவதற்கு முன் தெரிந்த காரணம். தாராபுரம் தாண்டி நடந்த ஏதோ ஒன்றுக்கு அவளிடம் இன்னும் வார்த்தை இல்லை. அது பாதிதான் நடந்திருக்கிறது.

"யக்கா!" ஜெயபாண்டி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டான். "இன்னும் நின்னம்னா உடுமலையில காத்து எதுக்க நிக்கும், பாத்துக்கிடுங்க. சோத்தப் பொட்டலம் கட்டிட்டேன்."

ஜெயபாரதி கையை ஊன்றி எழுந்தாள்.

"முடிச்சுட்டு வந்து சொல்றனுங்கத்தை. நீங்க ஊட்டுல இருங்க."

"ஊட்டுல என்ன இருக்கறது? நீ எங்க வந்து எறங்குவியோ அங்க நிக்கறன்."

அவள் ஏறினாள். முதல் மிதியில் முகம் சுளித்தது. மடத்துக்குளம் செல்லும் சாலையில் திரும்பும்வரை குப்பாயி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

"உங்கிட்ட அடுத்த வாரம் வர்றன்," என்றாள். யாரிடம் சொன்னாள் என்பது மகனுக்குப் புரிந்தது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"வண்டிய எடு. எங்கூடப் பேசாத."

9

இனி இருப்பது பாதித் தூரம். அதை நான் எழுதப் போவதில்லை.

தொட்டிலுக்காகச் சில வாக்கியங்கள் எழுதினேன். 'காரின் பின்னிருக்கையில் தொட்டில் —'. 'குப்பாயி அதைத் தன் மடியில் —'. 'அடுத்த வாரம் மலைமேல் யாரோ ஒரு பெண்ணிடம் —'. மூன்றையும் அடித்துவிட்டேன். அது குப்பாயியின் பொருள். என்ன செய்வதென்று அவளே முடிவு செய்துகொள்வாள்.

ஜெயபாரதி நேரத்துக்குள் வந்தாளா என்பதையும் என்னிடம் கேட்காதீர்கள். மடத்துக்குளம் தாண்டி ஒரு ஏற்றத்தில் அவள் இறங்கித் தள்ளியிருக்கலாம். உடுமலைக்கு அப்பால் காற்றாலைகளுக்குக் கீழே, ஜெயபாண்டியின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு வந்திருக்கலாம். 'அந்தக் கடைசி இருபது கிலோமீட்டரில் அவளுக்குத் தோன்றியது —' என்று ஒரு வரி எழுதிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரியாது. டாக்டருக்குப் படிக்காமல் டாக்டரை எழுதலாம். இதை எழுத முடியவில்லை.

குப்பாயியின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாததால்தான் சுரேந்தர் கேட்ட அரைப் பக்கத்தையும் என்னால் எழுத முடியவில்லை. உங்களாலும் முடியும் என்று நான் எப்படிச் சொல்வது? உங்கள் முழங்காலை எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டுச் சமையல் மேடையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. வாருங்கள் என்று மட்டும் சொல்ல முடியும். பத்துக் கிலோமீட்டரில் தொடங்கலாம். பல்லடத்தில் டீ நன்றாக இருக்கும் என்கிறார்கள். பாதியில் நிறுத்தினால் லாரியில் ஏறி வரலாம், ஜெயபாண்டி வந்திருக்கிறான்.

இந்தக் கதையில் என் கைக்கு எட்டுகிற கடைசி இடம் இது. திருப்பூருக்குள் நுழையும் சாலையோரத்தில், ஓட்டம் முடியும் இடத்தில், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறார்கள். குமாரவேல் காருக்குப் பக்கத்தில் நிற்கிறான். அம்மா இன்னும் அவனிடம் பேசவில்லை. குப்பாயி உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கண்ணுக்குமேல் கையை வைத்துச் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பொழுது மங்கிவிட்டது. லாரி விளக்குகளுக்கு நடுவில், ஓரத்தில், ஒரு சின்ன விளக்கு தள்ளாடியபடி வருகிறது.

அது ஜெயபாரதியா, வேறு யாராவதா என்று குப்பாயிக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. யாராக இருந்தாலும் அவள் அதே கேள்வியைக் கேட்பாள். பதில் வரும்வரை நிற்பாள்.

இன்னும் கொஞ்ச தூரம்தான். மிதியுங்கள்.